சேற்றில் தங்குவது யார்? கழிவுநீர்த் தொட்டியில் ஒரு நுண்ணுயிர்க் கூட்டம் உருவாகும் விதம்

புதிய அடுக்குமாடிக் குடியிருப்பில் குடியேறிய முதல் மாதம் எல்லோரும் லிஃப்ட் பற்றியும் கார் நிறுத்தும் இடம் பற்றியும் பேசுவார்கள். இரண்டாவது மாதம் பேச்சு எஸ்டிபிக்கு, அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு, வந்துவிடும். எங்கள் குடியிருப்பிலும் அப்படித்தான் ஆயிற்று. அடித்தளத்தின் ஒரு மூலையில் இருந்த அந்த நிலையம் நாற ஆரம்பித்தது. காற்றூட்டும் தொட்டியின் மேல் வெள்ளை வெள்ளையாக நுரை எழுந்து நடைபாதை வரை வழிந்தது. கழிப்பறை ஃபிளஷுக்குத் திரும்பி வந்த தண்ணீர் கலங்கலாக இருந்தது.

நிலையத்தைப் பார்த்துக்கொண்ட ஆபரேட்டர் முதலில் இரண்டு கூடை மாட்டுச் சாணத்தைக் கரைத்து ஊற்றினார். பிறகு ‘கல்ச்சர்’ என்று எழுதிய பொடிப் பாக்கெட்டுகள் வந்தன. அதற்கும் அப்புறம், ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருந்த வேறொரு குடியிருப்பின் தொட்டியிலிருந்து ஒரு லாரித் தண்ணீர், பழுப்பு நிறத்தில். பாதி வீடுகள் காலியாக இருந்ததால் தினமும் வெல்லம் கரைத்து ஊற்றினார். உள்ளே இருக்கும் உயிர்களுக்குச் சாப்பாடு போதவில்லையாம். மூன்று வாரத்தில் நுரை அடங்கியது, நாற்றம் போய் மழை பெய்த மண்ணின் வாசனை வந்தது, தண்ணீர் தெளிந்தது. வேலை செய்தது சாணமா, பொடியா, லாரித் தண்ணீரா என்று குடியிருப்போர் கூட்டத்தில் ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது.

அந்த விவாதத்தில் யாரும் பேசாத ஒரு சாமான் உண்டு: அடுத்துள்ள படிவுத் தொட்டியின் அடியில் படிந்த சேற்றை எடுத்துக் காற்றுத் தொட்டிக்கே திருப்பி அனுப்பும் சிறிய பம்பு. இந்தத் தொழிலின் நூறு வருட வரலாற்றைப் படித்த பிறகு அந்தப் பம்பின் பக்கம்தான் என் ஓட்டு. கழிவுநீரில் எந்த உயிர் வந்து விழுகிறது என்பதைவிட, வந்த உயிர்களில் எதைத் தங்கவிடுகிறோம் என்பதுதான் நுண்ணுயிர்க் கூட்டத்தின் உருவத்தைப் பெருமளவு தீர்மானிக்கிறது.

இதை முதலில் கண்டுகொண்டவர்கள் மான்செஸ்டர்காரர்கள். 1914 ஏப்ரல் 3 அன்று எட்வர்ட் ஆர்டன், வில்லியம் லாக்கெட் என்ற இருவர் அங்கே நடந்த வேதியியல் தொழில்துறைச் சங்கக் கூட்டத்தில் ஒரு கட்டுரை படித்தார்கள். டேவிஹியூம் கழிவுநீர் நிலையத்துச் சாக்கடை நீரைப் பாட்டிலில் எடுத்து, அதற்குள் தொடர்ந்து காற்றைச் செலுத்தியதுதான் அவர்கள் செய்த சோதனை. கழிவுநீருக்குக் காற்று ஊட்டிப் பார்ப்பது அப்போதே பழைய யோசனை. பலர் செய்து பார்த்து, நாள் கணக்கில் ஆகிறது, கட்டுப்படியாகாது என்று விட்டுவிட்டார்கள். இவர்களுக்கும் முதல் முறை முழுதாகச் சுத்தமாக ஏறக்குறைய ஐந்து வாரம் ஆனது.

அதுவரை மற்றவர்கள் ஒவ்வொரு சோதனை முடிந்ததும் பாட்டிலைக் கழுவிவிட்டுப் புதிதாக ஆரம்பித்தார்கள். இவர்கள் தெளிந்த நீரை மட்டும் மேலிருந்து வடித்துவிட்டு, அடியில் படிந்த பழுப்புச் சேற்றை அப்படியே விட்டு, அதன் மேல் புதுச் சாக்கடை நீரை ஊற்றினார்கள். திரும்பக் காற்று, திரும்ப வடிப்பு, திரும்பப் புது நீர். ஒவ்வொரு சுற்றிலும் சேறு கொஞ்சம் கூடியது. சுத்தமாக ஆகும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் ஐந்து வார வேலை ஒரே நாளுக்குள் முடிந்தது. அந்தச் சேற்றுக்கு அவர்கள் வைத்த பெயரைத் தமிழில் ‘முடுக்கப்பட்ட சேறு’ எனலாம். உலகத்துப் பெரிய நகரங்களின் கழிவுநீர் இன்றும் பெரும்பாலும் இந்த முறையில்தான் சுத்தமாகிறது. எங்கள் அடித்தளத் தொட்டியும் அந்தப் பாட்டிலின் வாரிசுதான்.

அவர்களுக்கு வழிகாட்டியாக இருந்தவர் கில்பர்ட் ஃபவுலர். அவர் சில வருடங்களில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குப் பேராசிரியராக வந்து சேர்ந்தார். அதனால் இந்தச் சேற்றின் கதை பெங்களூருக்குச் சீக்கிரமே வந்தது. அங்கிருந்து வந்த இரண்டு கண்டுபிடிப்புகளைக் கீழே சொல்கிறேன்.

சேற்றை மிச்சம் வைத்ததால் என்ன ஆனது? சாக்கடை நீரில் வரும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை தனித்தனியாக நீந்துபவை. ஒரு பாக்டீரியா ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். அவ்வளவு சிறியது தானாக அடியில் படியாது. தெளிந்த நீரை வடிக்கும்போது அதுவும் கூடவே போய்விடும். ஆனால் சில இனங்கள் தம்மைச் சுற்றிப் பசை போன்ற ஒன்றைச் சுரக்கின்றன. சர்க்கரைச் சங்கிலிகளும் புரதங்களும் கலந்த பசை அது. அதில் ஒட்டிக்கொண்டு பல்லாயிரம் உயிர்கள் ஒரே திரளாகச் சேர்கின்றன. திரள் கனமானது, காற்றை நிறுத்தினால் அரை மணியில் அடிக்குப் போய்விடும். வடிக்கும்போது தப்பிப்பதும் அதுதான். ஆக, ஆர்டனும் லாக்கெட்டும் ஒவ்வொரு முறை நீரை வடித்தபோதும் தம்மை அறியாமல் ஒரு தேர்வு நடத்தினார்கள். ஒட்டத் தெரிந்தது உள்ளே நின்றது, நீந்தித் திரிந்தது வெளியே போனது.

புதிதாகத் தொடங்கிய தொட்டியிலிருந்து தினமும் ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். முதல் சில நாட்களில் சிதறிய பாக்டீரியாக்கள் மட்டும். கரைந்த உணவு ஏராளமாகக் கிடைப்பதால் வேகமாகப் பெருகத் தெரிந்தவை கொண்டாடுகின்றன. சோப்பு இன்னும் சிதைக்கப்படாததால் மேலே வெள்ளை நுரை. பிறகு அமீபாக்கள் வருகின்றன, சவுக்கு போன்ற இழையை அடித்துக்கொண்டு நீந்தும் ஒற்றைச் செல் உயிர்கள் வருகின்றன. பாக்டீரியா மேலும் பெருகும்போது உடம்பெல்லாம் மயிரிழை கொண்ட சிலியேட்டுகள் விறுவிறுவென்று நீந்தி அவற்றை மேய்கின்றன. திரள்கள் உருவானதும் காட்சி மாறுகிறது. திரளின் மேல் ஊர்ந்து மேய்பவை வருகின்றன. அடுத்து, காம்பில் நின்று மணி வடிவ வாயைத் திறந்து நீரைச் சுழற்றி இழுக்கும் வோர்ட்டிசெல்லா போன்றவை. ஒரு வோர்ட்டிசெல்லா சட்டென்று தன் காம்பைச் சுருள்வில் மாதிரி இழுத்துக்கொள்வதை ஒருமுறை பார்த்தால் மறக்கவே முடியாது. கடைசியாக ரோட்டிஃபர்கள் வரும். இவை பல செல் விலங்குகள். சேறு வயதாகிவிட்டது என்பதற்கு அடையாளம். அனுபவமுள்ள ஆபரேட்டர்கள் ஆய்வக முடிவு வரும் முன்பே, இவற்றில் எது அதிகம் என்று பார்த்துத் தொட்டியின் உடல்நிலையைச் சொல்லிவிடுவார்கள்.

இந்த மேய்ச்சல்காரர்கள் சும்மா வந்து போகும் விருந்தாளிகள் என்றுதான் நீண்ட காலம் நினைத்தார்கள். அதை மறுத்தவர்களில் முக்கியமானவர்கள் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பிள்ளையும் சுப்ரமண்யனும். நீரைச் சுத்தமாக்குவதில் புரோட்டோசோவாவுக்கு, அதாவது இந்த ஒற்றைச் செல் மேய்ச்சல்காரர்களுக்கு, பெரிய பங்கு உண்டு என்று 1942இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். எல்லாப் பெருமையையும் அவற்றுக்கே கொடுத்தது கொஞ்சம் அதிகம்தான். கரைந்த அழுக்கை உண்பது பாக்டீரியாதான் என்பது இப்போது தெளிவு. ஆனால் நீர் தெளிவது பற்றி அவர்கள் சொன்னது வீண்போகவில்லை. 1960களில் இங்கிலாந்தில் காலின் கர்ட்ஸ் சிறிய மாதிரித் தொட்டிகளை சிலியேட்டுகள் இல்லாமல் ஓட்டிப் பார்த்தார். வெளிவந்த நீர் கலங்கலாகவே இருந்தது. சிலியேட்டுகளைச் சேர்த்ததும் தெளிந்தது. திரளில் ஒட்டாமல் நீந்தும் பாக்டீரியாவை அவை தின்றுவிடுகின்றன. அதாவது தொட்டிக்குள்ளேயே இன்னொரு தேர்வு நடக்கிறது: ஒட்டாதவை வடிகாலுக்குத் தப்பினாலும் மேய்ச்சல்காரர்களிடம் தப்ப முடியாது.

இனி கணக்குக்கு வருவோம். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

ஒரு சாதாரண நிலையத்தில் நீர் காற்றுத் தொட்டிக்குள் தங்குவது ஆறு முதல் எட்டு மணி நேரம். சேறு தங்குவது பல நாட்கள். பம்பு அதைத் திருப்பித் திருப்பிக் கொண்டுவந்து விடுவதே காரணம். ஆனால் எல்லாச் சேற்றையும் வைத்துக்கொண்டே போக முடியாது. உயிர்கள் பெருகப் பெருகத் தொட்டி நிரம்பிவிடும். ஆகவே தினமும் ஒரு பங்கை வெளியே எடுத்துக் காயவைக்கிறார்கள். தொட்டியில் மொத்தம் 300 கிலோ சேறு இருந்து, தினமும் 30 கிலோ வெளியே போனால், சேற்றின் வயது 10 நாள். சராசரியாக ஒரு துகள் அவ்வளவு நாள் உள்ளே இருக்கும் என்று பொருள்.

இந்த ஒற்றை எண்ணில் அந்த ஊரின் குடியுரிமைச் சட்டமே அடங்கியிருக்கிறது. தினமும் பத்தில் ஒரு பங்கு வெளியேற்றப்பட்டால், அங்கே நிலைக்க விரும்பும் ஒவ்வோர் இனமும் குறைந்தது தினம் பத்தில் ஒரு பங்காவது பெருக வேண்டும். அதைவிட மெதுவாகப் பெருகினால், இன்று எவ்வளவு கோடி இருந்தாலும் சில வாரங்களில் காணாமல் போகும். மனிதர் கழிவில் உள்ள சர்க்கரை, கொழுப்பு, புரதத்தைத் தின்னும் பாக்டீரியாவுக்கு இது பிரச்சினையே இல்லை. அவை சில மணி நேரத்தில் இரட்டிப்பாகும். சிக்கல் அம்மோனியாவைத் தின்பவைக்கு.

சிறுநீரிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்களை 1890 வாக்கில் செர்கெய் வினோகிராட்ஸ்கி பிரித்தெடுத்தார். கரிமப் பொருளைத் தொடாமல் அம்மோனியாவை எரித்து, அந்த ஆற்றலில் கரியமில வாயுவிலிருந்து உடம்பைக் கட்டிக்கொள்பவை இவை. வருமானம் மிகக் குறைவு, செலவு அதிகம். அதனால் வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும். சூடும் காற்றும் போதுமான அளவு இருந்தாலும் இரட்டிப்பாக ஏறக்குறைய ஒரு நாள் எடுக்கும். குளிரில் பல நாள். அதனால்தான் ஐரோப்பாவில் குளிர்காலத்தில் அம்மோனியா நீங்க வேண்டுமென்றால் சேற்றின் வயதைப் பத்து நாளுக்கு மேல் நீட்டுகிறார்கள். சென்னை வெயிலில் சில நாளே போதும். இங்கே இவை வேண்டாமென்றாலும் வந்து உட்கார்ந்துவிடும்.

வந்து உட்காரும் வரிசையும் முக்கியம். புதுத் தொட்டியில் முதலில் கரிமக் கழிவு குறையும். அம்மோனியா அப்படியே வெளியே வரும். பிறகு அம்மோனியா குறைந்து நைட்ரைட் ஏறும், ஏனென்றால் நைட்ரைட்டை உண்பவை முந்தையவர்களின் எச்சத்தை நம்பி இருப்பவை. சாப்பாடு வந்த பிறகுதான் பெருக முடியும். அதற்கும் சில நாள் கழித்து நைட்ரைட் இறங்கி நைட்ரேட் ஏறும். மீன்தொட்டி வளர்த்தவர்களுக்கு இந்த மூன்று அலை பழக்கமானது. புதுத் தொட்டியில் அவசரப்பட்டு மீன் விட்டவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

இரண்டாம் கட்ட வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் என்று பாடப்புத்தகங்கள் நூறு வருடம் எழுதின. ஆய்வகத் தட்டில் வளர்த்துப் பார்த்தால் அதுதான் வந்தது. ஆனால் சேற்றில் வாழும் உயிர்களில் பெரும்பாலானவை ஆய்வகத் தட்டில் வளரவே வளராது. 1990களில், வளர்க்காமலேயே மரபணுத் துணுக்கை வைத்து உயிரை அடையாளம் காணும் முறை வந்தது. ஒளிரும் சாயம் பூசி நுண்ணோக்கியில் பார்த்தபோது, பெரும்பாலான நிலையங்களில் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது நைட்ரோஸ்பைரா. 2015இல் இன்னொரு அதிர்ச்சி. நைட்ரோஸ்பைராவில் சில வகைகள் அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை இரண்டு கட்டத்தையும் ஒற்றை ஆளாகச் செய்வதை இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் அறிவித்தன. இரண்டு கட்டம், இரண்டு உயிர் என்று நூற்றாண்டுக்கு மேல் நம்பியது அன்றோடு முடிந்தது.

மெதுவாக வளர்பவை தங்க எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதற்கு ரோட்டர்டாம் கதையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. காற்றே இல்லாமல் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் சேர்த்து நைட்ரஜன் வாயுவாக்கும் உயிர் ஒன்று இருக்க வேண்டும் என்று ஆஸ்திரிய வேதியியலாளர் எங்கல்பெர்ட் புரோடா 1977இல் வெப்ப இயக்கவியல் கணக்கை மட்டும் வைத்து எழுதினார். யாரும் அதைப் பார்த்ததில்லை. பின்னர் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில், ஒரு ஈஸ்ட் தொழிற்சாலையின் கழிவுநீர்ச் சோதனைத் தொட்டியில் கணக்கில் வராமல் அம்மோனியா காணாமல் போய்க்கொண்டிருந்தது. காரணம் தேடிப் போனபோது அந்த உயிர் அகப்பட்டது. இன்று அதை அனமாக்ஸ் என்கிறோம். அதன் கூட்டம் சிவப்பாக இருக்கும். பிரச்சினை ஒன்றுதான்: அப்போது அளந்தபடி அது இரட்டிப்பாக 11 நாள் ஆனது.

ரோட்டர்டாமின் டோக்ஹாவன் நிலையத்துக்காக 70 கன மீட்டர் கொள்ளளவுள்ள முதல் முழு அளவுத் தொட்டி 2002இல் தொடங்கப்பட்டது. இடையில் சிறு சோதனை நிலையம் எதுவும் கட்டாமல் ஆய்வகத்திலிருந்து நேராகத் தாவினார்கள். வெளியே எடுத்து விதைக்க உலகத்தில் எங்கும் அனமாக்ஸ் சேறு இல்லை. கொஞ்சம் ஆய்வகச் சேறு, மற்றபடி சாதாரணச் சேறு. மாதங்கள் போயின. வெளியே வரும் நீரை அளந்தால் எதுவும் நடப்பதாகவே தெரியவில்லை. உயிர் பெருகுகிறதா, இறந்துவிட்டதா என்று மரபணுவை எண்ணும் முறையில்தான் தெரிந்துகொண்டார்கள். எண்ணிக்கை மிகக் கொஞ்சம், ஆனால் சீராக இரட்டிப்பாகிக்கொண்டிருந்தது. தொட்டி முழு வேலைக்கு வர மூன்றரை வருடம் ஆனது. பதினொரு நாளைக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் உயிரின் சேறு கொஞ்சம் தவறி வெளியே போனாலும் அதை ஈடுகட்ட நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தப் பொறியாளர்கள் மூன்றரை வருடம் காத்திருந்ததற்காகவே அவர்களை வணங்கத் தோன்றுகிறது. பிறகு தொடங்கிய நிலையங்கள் ரோட்டர்டாமின் சிவப்புச் சேற்றை எடுத்துப்போய் உறை ஊற்றின. அவற்றுக்குக் காத்திருப்பு வெகுவாகக் குறைந்தது.

உறை ஊற்றுவது என்று சொன்னதும் தயிர் நினைவுக்கு வருவது இயல்பு. பாதி சரியான ஒப்புமை. தயிரில் பால் காய்ச்சியிருக்கிறது, வேறு உயிர்கள் கிட்டத்தட்ட இல்லை, உறை போட்ட பாக்டீரியா தனிக்காட்டு ராஜா. சாக்கடை நீரோ ஒவ்வொரு நொடியும் கோடிக்கணக்கான புதிய உயிர்களைத் தொட்டிக்குள் கொண்டுவருகிறது. அங்கே உறை என்பது ஓட்டப்பந்தயத்தில் சில நாள் முன்கூட்டியே புறப்பட விடுவது, அவ்வளவுதான். வேறு குடியிருப்பிலிருந்து லாரியில் வந்த சேறு பயன்பட்டதற்குக் காரணம், அதில் திரள்களும் மெதுவாக வளர்பவையும் ஏற்கெனவே இருந்தன. வாரக்கணக்கை அது மிச்சப்படுத்தியது. சாணத்தில் வருபவை பசுவின் குடலுக்குப் பழகியவை; காற்று நிறைந்த தொட்டியில் அவற்றில் பெரும்பாலானவை தாக்குப்பிடிக்காது. பொடியில் வருபவை பெரும்பாலும் உலர்த்தினாலும் சாகாத விதையுறை கொண்ட பேசில்லஸ் இனங்கள். உலர்த்தினால் சாகாது என்பதால்தான் பொடியாக விற்க முடிகிறது. அந்தத் திறமைக்கும் தொட்டியில் நிலைப்பதற்கும் சம்பந்தமில்லை. அதனால்தான் மாதாமாதம் வாங்க வேண்டியிருக்கிறது.

எப்போதும் திரள் உருவாக்குபவையே ஜெயிக்கும் என்றும் நினைத்துவிடக் கூடாது. திரளுக்குள் நூல் போல நீளும் பாக்டீரியாக்கள் உண்டு. அளவோடு இருந்தால் அவை திரளுக்கு எலும்புக்கூடு. கூரையில் வேயும் கீற்றுக்கு மூங்கில் சட்டம் மாதிரி. அளவு மீறினால் நூல்கள் திரளுக்கு வெளியே நீட்டி ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். சேறு பஞ்சு போல உப்பி, படியவே படியாது. ஒரு லிட்டர் ஜாடியில் எடுத்து அரை மணி வைத்தால் நல்ல சேறு 300 மில்லிக்கு இறங்கும். உப்பிய சேறு 900 மில்லியிலேயே நிற்கும். பெரிய தொட்டியில் இப்படி நடந்தால் சேறு நீரோடு சேர்ந்து ஆற்றுக்குப் போய்விடும்.

இந்த நூல்கள் எங்கிருந்தோ வந்த நோய் என்று நினைத்துக் குளோரின் போட்டுக் கொன்றார்கள், இன்றும் கொல்கிறார்கள். பிராகாவைச் சேர்ந்த யான் ஹுடோபா 1973இல் வேறு கோணத்தில் பார்த்தார். நூல்களுக்குக் குறைந்த உணவில் வாழத் தெரியும். உணவு எப்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கிடக்கும் பெரிய, சீராகக் கலக்கப்பட்ட தொட்டியில் அவைதான் முந்தும். திரள்காரர்கள் விருந்து வரும்போது வேகமாக விழுங்கிச் சேமிக்கத் தெரிந்தவர்கள். ஆகவே திரும்பி வரும் சேற்றையும் புதுக் கழிவுநீரையும் முதலில் ஒரு சின்ன அறையில் சந்திக்க வைத்தால், அங்கே உணவு செறிவாக இருக்கும், திரள்காரர்கள் அள்ளிக்கொள்வார்கள், அடுத்த பெரிய தொட்டியில் நூல்களுக்கு மிச்சமே இருக்காது. கொல்லவும் வேண்டாம், புதிதாக எதையும் சேர்க்கவும் வேண்டாம்; சாப்பாடு போடும் நேரத்தையும் இடத்தையும் மாற்றினால் போதும். எல்லா நூல்களும் இதற்குக் கட்டுப்படுவதில்லை. மைக்ரோத்ரிக்ஸ் என்ற குளிர்நாட்டு நூல் கொழுப்பை நம்பி வாழ்கிறது. அதற்கு இந்த வித்தை பலிக்காது. காற்றுப் போதாமல் வளர்பவையும், அழுகிய நீரின் சல்ஃபைடைத் தின்று வளர்பவையும் தனி ரகம். ஆனாலும் நூலின் வகையைப் பார்த்துத் தொட்டியின் குறை என்னவென்று படிக்கலாம் என்பது அன்றிலிருந்து பழக்கமானது.

இதே தந்திரத்தின் இன்னொரு உருவம் பாஸ்பரஸ் நீக்கம். 1959இல் ஸ்ரீநாத், சாஸ்திரி, பிள்ளை ஆகிய மூவர், மீண்டும் பெங்களூரிலிருந்துதான், சில நிலைகளில் சேறு தன் தேவைக்கு மேல் பாஸ்பேட்டை உறிஞ்சுவதைக் கவனித்து எழுதினார்கள். இன்று தெரிவது என்னவென்றால், காற்றில்லாத அறையில் சேமித்த பாஸ்பேட்டைச் செலவழித்து உணவை வாங்கி வைத்துக்கொள்ளும் உயிர் ஒன்று, காற்றுள்ள அறைக்கு வந்ததும் பசியோடு பாஸ்பேட்டைத் திரும்ப நிரப்பிக்கொள்கிறது. அதற்கு அக்யுமுலிபாக்டர் என்று பெயர். இதுவரை யாரும் அதைத் தனியாக வளர்த்ததில்லை. கூட்டத்தில் மட்டும் வாழ்கிறது.

காற்றே இல்லாத தொட்டிகளில் கூட்டுவாழ்க்கை இன்னும் நெருக்கமானது. 1970களில் நெதர்லாந்தின் வாகனிங்கனில் ஹாட்சே லெட்டிங்கா வடிவமைத்த தொட்டியில் கழிவுநீர் அடியிலிருந்து மேல்நோக்கி ஓடும். லேசானதை நீரோட்டம் அடித்துக்கொண்டு போய்விடும். கனமானது மட்டும் நிற்கும். சில மாதத்தில் சேறு கடுகளவு, மிளகளவு உருண்டைகளாக மாறும். உருண்டையை வெட்டிப் பார்த்தால் பெரும்பாலும் வெங்காயம் போல அடுக்குகள்: வெளியே சர்க்கரையை அமிலமாக்குபவை, நடுவில் அந்த அமிலங்களைச் சிதைப்பவை, உள்ளே மீத்தேன் உண்டாக்குபவை. நடுவில் இருப்பவர்களின் நிலைமை விசித்திரமானது. அவர்கள் வெளிவிடும் ஹைட்ரஜன் கொஞ்சம் தேங்கினாலும் அவர்களுக்கு ஆற்றல் கிடைக்காமல் போய்விடும். ஹைட்ரஜனை உடனுக்குடன் தின்ன ஒரு மீத்தேன் உயிர் உடலோடு ஒட்டிய தூரத்தில் இருந்தால்தான் பிழைப்பு. அந்த அண்டை வீட்டுக்காரனையும் தன்னோடு சேர்த்துப் பிடித்து வைப்பதே உருண்டை. லெட்டிங்காவின் தொட்டி 1989இல் கான்பூரின் ஜாஜ்மாவில் நகரக் கழிவுநீருக்குச் சோதனை முறையில் வந்தது. சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளின் மாவுச்சத்துக் கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுப்பதும், சென்னையில் கோயம்பேடு, கொடுங்கையூர் நிலையங்கள் சேற்றை மூடிய கலனில் செரிக்க வைத்து அந்த வாயுவில் மின்சாரம் எடுப்பதும் இதே குடும்பத்து உயிர்களின் உழைப்புதான், தொட்டியின் வடிவம் வேறாக இருந்தாலும்.

சரி, தொட்டியின் நிலைமைகள்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கின்றன என்றால், ஒரே மாதிரி ஓட்டப்படும் எல்லா நிலையங்களிலும் ஒரே உயிர்கள்தானே இருக்க வேண்டும்? 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைப் பார்க்க 23 நாடுகளில் 269 நிலையங்களிலிருந்து ஏறத்தாழ 1,200 மாதிரிகளை எடுத்தது. உலகம் முழுவதும் இந்தத் தொட்டிகளில் நூறு கோடி அளவுக்குப் பாக்டீரியா வகைகள் இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். அவற்றில் எங்கும் பரவி, எண்ணிக்கையிலும் மிகுந்த பொதுக் கூட்டம் என்று சொல்லத்தக்கவை 28 வகை மட்டுமே. மற்றவற்றில் யார் எங்கே இருக்கிறார்கள் என்பதில் தற்செயலுக்குப் பெரிய பங்கு இருப்பதாகக் கண்டார்கள்: எந்தச் சாக்கடைக் குழாய் வழியாக யார் முதலில் வந்தார்கள், யார் தற்செயலாகச் செத்தார்கள் என்பது போன்றவை. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களும் இடையில் புகுந்து ஆட்டத்தைக் கலைத்துவிடுகின்றன.

எனக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை. சந்தைக்கு அரிசிக்கடை, காய்கறிக்கடை, டீக்கடை வேண்டும் என்பதை ஊரின் தேவை சொல்லும். எந்தக் குடும்பம் டீக்கடை வைக்கும் என்பதைத் தேவை சொல்லாது. தொட்டியின் நிலைமைகள் எந்தெந்தத் தொழிலுக்கு இடமுண்டு என்று தீர்மானிக்கின்றன. அம்மோனியா தின்னும் இடம் இருக்கிறதா என்பது சேற்றின் வயதைப் பொறுத்தது. அந்த இடத்தில் எந்த இனம் உட்காரும் என்பதில் அதிர்ஷ்டமும் உண்டு. பல வகைகள் ஒரே தொழிலைச் செய்யும்போது ஒன்று விழுந்தாலும் இன்னொன்று தாங்கும். ஒரே இனம் செய்யும் தொழிலில்தான் ஆபத்து. கரிமக் கழிவைத் தின்ன ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அம்மோனியாவுக்கு ஆள் குறைவு. அதனால்தான் யாரோ வாளி வாளியாகக் கிருமிநாசினியைக் கொட்டிவிட்டால் முதலில் நிற்பது அம்மோனியா வேலை, கடைசியாகத் திரும்புவதும் அதுவே.

எங்கள் நிலையத்தில் இப்போது பொடி வாங்குவதில்லை. ஆபரேட்டர் தினமும் காலையில் ஒரு லிட்டர் ஜாடியில் தொட்டி நீரை மொண்டு, படிக்கட்டில் வைத்து, அரை மணி நேரம் டீ குடித்துவிட்டு வந்து பார்க்கிறார். சேறு 300 கோட்டுக்கு மேலே நின்றால் அன்று கொஞ்சம் கூடுதலாக வெளியேற்றுகிறார். கீழே இருந்தால் வெளியேற்றும் வால்வை மூடி வைக்கிறார். மழைக்காலத்தில் சாக்கடைக்குள் மழைநீர் புகுந்து தொட்டியை அலசிக்கொண்டு போகும் நாட்களில் வெளியேற்றவே மாட்டார். போன கோடையில் படிவுத் தொட்டியின் மேலே பழுப்புச் சேறு கட்டி கட்டியாக மிதந்தது. பார்த்தவர்கள் எல்லாம் கெட்டுப்போய்விட்டது என்று பயந்தார்கள். அவர் ஒரு கட்டியைக் குச்சியால் உடைத்தார். குமிழிகள் கிளம்பின, சேறு அடிக்குப் போனது. நைட்ரேட்டை மூச்சாக எடுத்துக்கொண்டு நைட்ரஜன் வாயுவை விடும் கூட்டம் அடியில் வேலை செய்கிறது என்றும், சேறு அங்கே ரொம்ப நேரம் கிடக்கிறது என்றும் பொருள். பம்பின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தார். மறுநாள் கட்டிகள் இல்லை.